தண்டர்பேர்ட்ஸ் பொம்மைத் தொடர்: அடிக்கடி கேட்கிற கேள்விகள், கொஞ்சம் நீளமான பதில்கள்

தண்டர்பேர்ட்னு சொன்னா பாதி பேருக்கு மெயில் சாப்ட்வேர் ஞாபகம் வருது, மீதி பேருக்கு 2004ல வந்து ஊத்திக்கிட்ட படம் ஞாபகம் வருது. நான் இங்க பேசப்போறது ரெண்டும் இல்ல, 1965ல பிரிட்டன்ல வந்த நூல் பொம்மை சயின்ஸ் பிக்ஷன் தொடர். இதப் பத்தி யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் அதே கேள்விகள் தான் திரும்பத் திரும்ப வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன்.

மொத்தக் கதை என்ன?

ஜெஃப் டிரேசின்னு ஒரு பணக்காரர், முன்னாடி விண்வெளி வீரரா இருந்தவர். தென் பசிபிக்ல தனக்குன்னு ஒரு தீவு வச்சிருக்கார். அங்க இருந்துகிட்டு தன்னோட அஞ்சு பசங்கள வச்சு இன்டர்நேஷனல் ரெஸ்க்யூன்னு ஒரு ரகசிய மீட்புக் குழு நடத்துறார். உலகத்துல எங்கயாவது சுரங்கம் இடிஞ்சா, ராக்கெட் சூரியனப் பாத்து போக ஆரம்பிச்சா, கட்டிடத்துல தீப்பிடிச்சு ஆளுங்க மாட்டிக்கிட்டா, இவங்க தங்களோட வண்டிகள எடுத்துட்டுப் போய் காப்பாத்திட்டு, நன்றி கூட வாங்காம கிளம்பிடுவாங்க. வாராவாரம் இதே தான்.

எதுக்கு ரகசியம்னா, இவங்க மெஷினெல்லாம் கெட்டவங்க கையில கிடைச்சா ஆயுதமா மாத்திடுவாங்கன்னு பயம். அதனால போட்டோ எடுக்கக்கூடாதுன்னு ரொம்ப கறாரா இருப்பாங்க, யாராவது கேமரா தூக்கினா கண்டுபிடிக்க தண்டர்பேர்ட் 1ல ஒரு கருவியே இருக்கு. இப்போ எல்லார் பாக்கெட்லயும் போன் இருக்கிற காலத்துல இத யோசிச்சா சிரிப்பு தான் வருது.

எப்போ வந்துச்சு, எத்தனை எபிசோட்?

முதல் ஒளிபரப்பு 1965 செப்டம்பர் 30, ஐடிவிங்கிற பிரிட்டன் டிவி சேனல்ல. மொத்தம் 32 எபிசோட், முதல் சீசன்ல 26, ரெண்டாவதுல வெறும் 6. கடைசி எபிசோட் 1966 கிறிஸ்துமஸ் அன்னைக்கு வந்துச்சு.

யார் எடுத்தது?

ஜெர்ரி ஆண்டர்சனும் அவர் மனைவி சில்வியா ஆண்டர்சனும். லண்டனுக்கு மேற்கால ஸ்லவ்னு ஒரு ஊர், அங்க இருக்கிற தொழிற்பேட்டைக்குள்ள தான் ஸ்டூடியோ. பக்கத்து ஷெட்ல எல்லாம் ஏதேதோ பொருள் தயாரிச்சுக்கிட்டு இருக்க, இங்க ராக்கெட் பறந்துக்கிட்டு இருந்துச்சு. காசு போட்டவர் ஐடிசிங்கிற டிவி கம்பெனியோட லூ கிரேட்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா ஜெர்ரிக்கு பொம்மைன்னாலே பிடிக்காது. அவருக்கு மனுஷங்கள வச்சு பெரிய படம் எடுக்கணும்னு ஆசை. 1957ல ஒரு பொம்மைத் தொடர் ஆர்டர் வந்தப்போ கம்பெனில காசு இல்லாததால தான் ஒத்துக்கிட்டார், இத சினிமா மாதிரி எடுத்துக் காட்டினா அடுத்து நிஜ ஆளுங்கள வச்சு எடுக்க யாராவது கூப்பிடுவாங்கன்னு கணக்கு போட்டு எடுத்தார், ஆனா நல்லா எடுத்ததால இன்னும் நிறைய பொம்மைத் தொடர் தான் தேடி வந்துச்சு. சூப்பர்கார், ஃபயர்பால் எக்ஸ்எல்5, ஸ்டிங்ரேன்னு வரிசையா போய் தண்டர்பேர்ட்ஸ்ல வந்து நின்னார்.

ஐடியா எங்கேர்ந்து வந்துச்சு? சும்மா கற்பனையா?

இல்ல, ஒரு நிஜ விபத்துலேர்ந்து. 1963 அக்டோபர் 24, மேற்கு ஜெர்மனில லெங்கடேன்னு ஒரு ஊர்ல இரும்புச் சுரங்கத்துக்குள்ள மேல இருந்த குளத்துத் தண்ணி உடைச்சுக்கிட்டு இறங்கிடுச்சு. உள்ள 129 பேர். நிறைய பேர் முதல்லயே தப்பிச்சு வந்துட்டாங்க, 29 பேர் இறந்துட்டாங்க. எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சப்புறம் உள்ள இன்னும் ஆளுங்க உயிரோட இருக்கிறது தெரிஞ்சு, மேலேர்ந்து துளை போட்டு, ஒரு ஆள் மட்டும் நிக்கிற அளவுக்கு ஒடுக்கமான குழாய் மாதிரி ஒரு கூண்ட இறக்கி, 14 நாள் கழிச்சு 11 பேர தூக்கினாங்க.

ஜெர்ரி இந்தச் செய்திய ரேடியோல கேட்டுக்கிட்டே இருந்தாராம். அவர் மனசுல தங்கினது அந்த டிரில்லிங் மெஷின் தூரத்துலேர்ந்து வந்து சேர்ற வரைக்கும் எல்லாரும் கைய பிசைஞ்சுக்கிட்டு நின்ன நேரம் தான். இந்த மாதிரி மெஷினெல்லாம் ரெடியா ஒரு இடத்துல இருந்து, சில மணி நேரத்துல உலகத்துல எங்க வேணா போய் இறங்குற மாதிரி இருந்தா? தொடர்ல வர்ற மோல்ங்கிற பூமி தோண்டுற வண்டியையும், அத வயித்துக்குள்ள வச்சு தூக்கிட்டுப் பறக்கிற தண்டர்பேர்ட் 2வையும் பாத்தீங்கன்னா லெங்கடே அப்படியே தெரியும்.

தண்டர்பேர்ட்ங்கிற பேரு தனிக்கதை. இரண்டாம் உலகப்போர்ல விமானப்படைல இருந்து இறந்துபோன ஜெர்ரியோட அண்ணன் லயனல், அரிசோனால பயிற்சில இருந்தப்போ எழுதின கடிதத்துல தண்டர்பேர்ட் ஃபீல்டுன்னு ஒரு விமானத்தளத்த பத்தி சொல்லியிருந்தார். அந்தப் பேரத்தான் தம்பி எடுத்து வச்சுக்கிட்டார்.

எந்த நம்பர் எந்த வண்டி? யார் ஓட்டுறாங்க?

1 வேகமான ராக்கெட் விமானம், ஸ்காட் ஓட்டுறான், முதல்ல போய் நிலைமைய பாக்கிறது அவன் வேலை. 2 அந்தப் பச்சைக் கலர் குண்டான விமானம், விர்ஜில், வயித்துல வேற வேற பெட்டி மாட்டி தேவையான மெஷின எடுத்துட்டுப் போவான். 3 விண்வெளி ராக்கெட், ஆலன். 4 மஞ்சள் கலர் குட்டி நீர்மூழ்கி, கார்டன். 5 மேல சுத்திக்கிட்டே இருக்கிற ஸ்பேஸ் ஸ்டேஷன், ஜான் அங்க உக்காந்து உலகத்துல யார் உதவின்னு கத்தினாலும் கேட்டுக்கிட்டு இருப்பான். பாவம் ஜான், முக்கால்வாசி எபிசோட்ல ரெண்டு டயலாக் தான்.

அஞ்சு பேரோட பேரும் அமெரிக்காவோட முதல் விண்வெளி வீரர்களோடது: ஸ்காட் கார்பென்டர், விர்ஜில் கிரிஸம், ஆலன் ஷெப்பர்ட், கார்டன் கூப்பர், ஜான் கிளென்.

இந்த மெஷினெல்லாம் டிசைன் பண்றது பிரெய்ன்ஸ்னு ஒரு திக்குவாய் விஞ்ஞானி, பெரிய கண்ணாடி. எனக்குப் பிடிச்ச கேரக்டர் அவன் தான்.

பொம்மை வாய் டயலாக்குக்கு கரெக்டா அசையுதே, எப்படி?

இத தான் அவங்க சூப்பர்மேரியனேஷன்னு பேர் வச்சு டைட்டில்ல பெருசா போட்டுக்குவாங்க. முதல்ல நடிகர்களோட குரல ரெக்கார்ட் பண்ணிடுவாங்க. பொம்மையோட தலைக்குள்ள ஒரு சொலினாய்டு இருக்கும், அதாவது கரண்ட் குடுத்தா இழுத்துக்கிற சின்ன காந்தச் சுருள், அது கீழ் உதட்டோட இணைஞ்சிருக்கும். ஷூட்டிங்ல டேப் ஓட ஓட அந்த குரலோட ஏத்த இறக்கத்த கரண்ட் துடிப்பா மாத்தி, பொம்மையத் தூக்கிப் பிடிக்கிற அதே கம்பி வழியா தலைக்கு அனுப்புவாங்க. ஒவ்வொரு அசைக்கும் உதடு டக்குனு திறந்து மூடும். ஆட்டுறவங்க வாயப் பத்தி கவலைப்படாம கண்ணு, கழுத்து, உடம்பு மட்டும் பாத்துக்கலாம். கம்பி டங்ஸ்டன், தலைமுடி மாதிரி மெல்லிசு, தூக்குற வேலையும் கரண்ட் வேலையும் ஒண்ணே செஞ்சிடும்.

முகபாவம் மாத்த முடியாதுல்ல, அதுக்கு தலையவே மாத்துவாங்க. முக்கியமான கேரக்டர் ஒவ்வொண்ணுக்கும் சாதா தலை, சிரிக்கிற தலை, முறைக்கிற தலை, கண் சிமிட்டுற தலைன்னு தனித்தனியா உண்டு. ஒரு எபிசோட்ல மட்டும் வந்து போற ஆளுங்களுக்கு மூஞ்சிய களிமண் மாதிரி பொருள்ல பிடிச்சு, அடுத்த வாரம் அதையே அழிச்சு வேற மூஞ்சி செஞ்சுடுவாங்க.

தலை ஏன் உடம்புக்குப் பொருந்தாம அவ்ளோ பெருசா இருக்கு?

அந்த சொலினாய்டு உள்ள இடம் பிடிக்குதே, அதான். பொம்மை மொத்தமே சுமார் 22 அங்குலம், ஆள் உயரத்துல மூணுல ஒரு பங்கு. அதுக்கேத்த சின்ன தலைக்குள்ள மெஷின் அடங்கல. அடுத்து 1967ல வந்த கேப்டன் ஸ்கார்லெட் தொடர்ல சொலினாய்ட நெஞ்சுக்கு இறக்கிட்டாங்க, தலை மனுஷ அளவுக்கு வந்துடுச்சு. நிறைய பேர் அத முன்னேற்றம்னு சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல, ஸ்கார்லெட் பொம்மைங்க கடை ஜன்னல்ல நிக்கிற துணிக்கடை பொம்மைங்க மாதிரி இருக்கும், டிரேசி பசங்களோட கார்ட்டூன் தலைல தான் உயிர் இருக்கு.

ஏன் யாருமே நடக்க மாட்டேங்கிறாங்க?

இந்தக் கேள்விக்குத் தான் நான் இவ்ளோ எழுதவே உக்காந்தேன்னு சொல்லலாம்.

நூல் பொம்மைக்கு நடக்க வராது. ஆட்டுறவங்க செட்டுக்கு மேல ஒரு பாலம் மாதிரி கட்டி அது மேல நின்னு நீளக் கம்பிய பிடிச்சு ஆட்டுறாங்க, பொம்மையோ எடையே இல்லாத சமாச்சாரம், கால் தரையில பதியவே பதியாது, தொங்கிக்கிட்டே தத்தித் தத்திப் போகும். கை தூக்கலாம், தலையாட்டலாம், உக்காரலாம். நாலு அடி நடந்தா ஆடியன்ஸ் சிரிச்சிடும். கூத்துல, திருவிழாவுல அது பிரச்சனையே இல்ல, பாக்கிறவங்க அத ஏத்துக்கிட்டுத் தான் உக்காருவாங்க. ஆனா சினிமா மாதிரி சீரியஸா கதை சொல்லணும்னு நினைக்கிற ஜெர்ரிக்கு இது பெரிய தலைவலி.

அவர் என்ன பண்ணார்னா நடக்க வேண்டிய தேவையே இல்லாத உலகத்த கட்டிட்டார். யோசிச்சுப் பாருங்க, எல்லாரும் எப்பவும் உக்காந்தே இருப்பாங்க, காக்பிட்ல, கன்ட்ரோல் ரூம்ல, சோஃபால. எங்கயாவது போகணும்னா தரைய விட்டு எழும்பி மிதக்கிற பைக் வரும். இல்ல தரையே நகரும். பொம்மை நடந்தே ஆகணும்னா இடுப்புக்கு மேல மட்டும் காட்டி, கால தூக்கி வைக்கிற மாதிரி மேலும் கீழும் அசைச்சு நகத்துவாங்க.

தொடரோட உச்சமே அந்த கிளம்புற சீன் தான், இல்லியா? விர்ஜில் சுவத்துல மாட்டியிருக்கிற ராக்கெட் படத்துல முதுகு சாஞ்சு நிப்பான், படம் அப்படியே கவுந்து அவன தலைகீழா ஒரு சறுக்குமரத்துல விட்டுடும், சறுக்கிட்டே போய் நேரா தண்டர்பேர்ட் 2 சீட்ல விழுவான். ஸ்காட் நிக்கிற சுவர் திரும்பி அவன உள்ள கொண்டு போயிடும். ஆலன் உக்காந்த சோஃபாவே தரைக்குள்ள இறங்கி ராக்கெட்டுக்குள்ள ஏறிடும். நீச்சல் குளம் நகந்து அடியிலேர்ந்து தண்டர்பேர்ட் 1 கிளம்பும், தென்னை மாதிரி நிக்கிற மரங்கள் ரெண்டு பக்கமும் சாஞ்சு 2க்கு வழி விடும். குழந்தைங்க 60 வருஷமா வாயப் பொளந்து பாக்கிற இந்த சீன் எல்லாத்துக்கும் அடில இருக்கிறது ஒரே விஷயம்: இந்த ஹீரோக்களால ரூம் விட்டு ரூம் நடந்து போய் வண்டில ஏற முடியாது. எடுத்து வச்சதையே வாராவாரம் போட்டுக்கலாம்ங்கிறதால காசும் மிச்சம்.

மனுஷன் நடக்க முடியாததால கதையோட பாரம் முழுக்க மெஷின் மேல ஏறிடுச்சு. சண்டைக்காட்சி வைக்க முடியாது, ரெண்டு பொம்மை கட்டிப் புரண்டா கம்பி சிக்கிக்கும். ஓடித் துரத்த முடியாது. என்ன மிச்சம் இருக்கு? ஆபத்து, கவுண்ட்டவுன், ஒரு மெஷின் இன்னொரு மெஷினக் காப்பாத்துறது. ஆளுங்க அடிச்சுக்காம, காப்பாத்துறது மட்டுமே வேலையா இருக்கிற ஒரு ஆக்ஷன் தொடர் வந்ததுக்கு அந்த தத்தக்கா பித்தக்கா காலும் ஒரு காரணம்னு நான் உறுதியா நம்புறேன்.

நூல் தெரியுதே, அவங்களுக்குத் தெரியலயா?

தெரியும். பின்னாடி இருக்கிற செட் என்ன கலரோ அந்தக் கலர்ல கம்பி மேல பவுடர் பெயின்ட் ஊதி மறைப்பாங்க, ஷாட்டுக்கு ஷாட் இந்த வேலை நடக்கும். கிறிஸ்டீன் கிளான்வில், மேரி டர்னர் இவங்க ரெண்டு பேரும் தான் பொம்மை செய்யறதுலயும் ஆட்டுறதுலயும் முக்கியமான ஆளுங்க. மேலேர்ந்து பாத்தா பொம்மையோட உச்சந்தலை தானே தெரியும், அதனால கேமரா பாக்கிறத அப்படியே டிவி மானிட்டர்ல காட்டி, அதப் பாத்துக்கிட்டே ஆட்டுவாங்க. அன்னைக்கு பெரிய சினிமா யூனிட்லயே இந்த வசதி சகஜம் இல்ல.

இன்னைக்கு சுத்தம் பண்ணின ஹெச்டி பிரிண்ட்ல பாத்தா நூல் நல்லாவே தெரியும். அந்தக் காலத்து சின்ன டிவில தெரிஞ்சிருக்காது.

சில குளோசப்ல கை நிஜ மனுஷக் கை மாதிரி இருக்கே?

நிஜக் கை தான். பொம்மை விரலால பட்டன அமுக்கவோ துப்பாக்கி எடுக்கவோ முடியாது, அதனால அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் ஆள் கை. கவனிக்க ஆரம்பிச்சா அப்புறம் கதையில மனசு போகாது, சொல்லிட்டேன்.

ராக்கெட், வெடிப்பு எல்லாம் இவ்ளோ நிஜமா இருக்கே, கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல எப்படி பண்ணாங்க?

இதுக்குப் பின்னாடி இருக்கிற ஆள் டெரெக் மெடிங்ஸ். பொம்மைக்கு ஒரு யூனிட், மாடலுக்கு தனி யூனிட், ரெண்டும் பக்கத்து பக்கத்துல ஓடிக்கிட்டே இருக்கும்.

முதல் பிரச்சனை, சின்ன பொருள் சின்ன பொருளாவே தெரியும். மாடல் விமானம் விழுந்தா பொத்துனு விழும், தீ குட்டித் தீயா இருக்கும், தண்ணித் துளி பெருசா இருக்கும். அதுக்கு கேமராவ வேகமா ஓட்டி எடுத்து சாதா வேகத்துல போடுவாங்க. சாதாரணமா நொடிக்கு 24 பிரேம்னா இவங்க 120 வரைக்கும் போவாங்க, அதாவது எல்லாம் 5 மடங்கு மெதுவாகும். 25ல ஒரு பங்கு சைஸ் மாடல் கீழ விழற நேரத்த நிஜ சைஸ் பொருள் விழற நேரத்தோட பொருத்தணும்னா சரியா இந்த 5 மடங்கு தான் வேணும், 25க்கு வர்க்கமூலம் 5, பள்ளிக்கூட பிசிக்ஸ் தான். கனமான இயந்திரம் மெதுவா, பாரமா அசையற அந்த உணர்வு இதுலேர்ந்து தான் வருது.

ரெண்டாவது பிரச்சனை, இடம். ஸ்டூடியோ சின்னது, விமானம் ரன்வேல ஓடி மேல ஏறணும்னா எங்க ஓடும்? அதனால விமானம் ஒரே இடத்துல நிக்கும், ரோடு ஓடும். உருளைல மாட்டின நீளத் துணி தான் ரோடு, அதுக்குப் பின்னாடி புல்வெளிக்கு இன்னொரு துணி, அதுக்கும் பின்னாடி வானத்துக்கு இன்னொண்ணு, ஒவ்வொண்ணும் வேற வேற வேகத்துல ஓடும், கிட்ட இருக்கிறது வேகமா தூரத்துல இருக்கிறது மெதுவா. பறக்கிற ஷாட்டும் அப்படித்தான், மாடல் தொங்கிக்கிட்டு சும்மா நிக்க, வானம் பின்னாடி ஓட, முன்னாடி ஃபேன் வச்சு புகையத் தள்ளுவாங்க, மேகத்துக்குள்ள போற மாதிரி இருக்கும்.

மூணாவது தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, அழுக்கு. புது பெயின்ட் அடிச்ச மாடல் பொம்மை மாதிரி பளபளன்னு இருக்கும். மெடிங்ஸ் ஆளுங்க அது மேல எண்ணெய்க் கறை, புகைக் கறை, பென்சில்ல தகடு இணைஞ்ச கோடு எல்லாம் போட்டு பல வருஷம் உழைச்ச வண்டி ஆக்கிடுவாங்க. கடைல விக்கிற பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கி அதுல இருக்கிற டேங்க் சக்கரம், குழாய், கம்பின்னு குட்டி குட்டி பார்ட்ட எல்லாம் பிச்சு ராக்கெட் மேல ஒட்டுவாங்க. என்ன பார்ட்னு யாருக்கும் தெரியாது, ஆனா ஏதோ வேலை செய்யற மெஷின் மாதிரி கண்ணுக்குப் படும்.

சொதப்பலையும் விடமாட்டாங்க. முதல் எபிசோட்ல ஃபயர்ஃப்ளாஷ்னு அணுசக்தி விமானம், சக்கரத்த இறக்கினா குண்டு வெடிச்சிடும், அதனால ரன்வேல ஓடுற ரிமோட் வண்டிகள் மேல இறக்கணும். ஷூட்டிங்ல கம்பி அறுந்து ஒரு வண்டி கன்னாபின்னான்னு ஓடிடுச்சு. அந்த ஷாட்ட தூக்கிப் போடாம கதையிலேயே சேத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க, இப்போ அந்த எபிசோட்ல நெஞ்சு படபடக்கிற இடமே அது தான்.

இந்த கும்பல் அப்புறம் எங்க போச்சுன்னும் சொல்லிடறேன். மெடிங்ஸ் ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்குப் போனார், 1978 சூப்பர்மேனுக்காக ஆஸ்கர் வாங்கின குழுவுல இருந்தார். அவர்கிட்ட வேலை பாத்த பிரையன் ஜான்சன் ஏலியன் படத்துக்கு ஆஸ்கர் வாங்கின குழுவுல இருந்தார்.

கடலுக்கடில எடுத்த சீன் எல்லாம் தண்ணிக்குள்ளயா?

ஒரு சொட்டு தண்ணி கூட மாடல் மேல படாது. கேமராவுக்கும் செட்டுக்கும் நடுவுல ஒல்லியா ஒரு மீன் தொட்டி, அதுல நிஜ மீனு நீந்தும், குமிழி விடும், மேலேர்ந்து அலையாடுற வெளிச்சம். அவ்ளோ தான். ஸ்டிங்ரே தொடர்லயும் இதே டெக்னிக் தான்.

முதலை எபிசோட்ல வர்றது நிஜ முதலையா?

நிஜம் தான், குட்டி முதலைகள வச்சு எடுத்தாங்க. மாடல் வீட்டுக்குப் பக்கத்துல விட்டா ராட்சச முதலை. ஆனா அதுங்க அசையாம படுத்தே கிடந்ததால கரண்ட் ஷாக் குடுத்து அசைய வச்சிருக்காங்க, விலங்குவதைத் தடுப்பு சங்கத்துக்கு புகார் போய் இன்ஸ்பெக்டர் வந்து பாத்திருக்கார். ரசிகர்கள் பலருக்கு ஃபேவரைட் எபிசோட் இது. இந்த விஷயம் தெரிஞ்சப்புறம் எனக்கு அத ரசிச்சுப் பாக்க முடியல.

அந்த பிங்க் கலர் கார் அம்மா யாரு?

லேடி பெனலப்பி, இன்டர்நேஷனல் ரெஸ்க்யூவோட லண்டன் ஏஜென்ட். குரல் சில்வியா ஆண்டர்சனே. கேரக்டர உருவாக்கினதுலயும், டிரஸ் எல்லாம் அந்தக் காலத்து பேஷனுக்கு ஏத்த மாதிரி வரணும்னு பாத்துக்கிட்டதுலயும் சில்வியாவோட கை பெருசு. கார் ஆறு சக்கர ரோல்ஸ் ராய்ஸ், முன்பக்க கிரில்லுக்குப் பின்னாடி மெஷின் கன். கம்பெனிகிட்ட அனுமதி வாங்கித் தான் பண்ணாங்க, குளோசப்புக்கு நிஜ கிரில்லே குடுத்தாங்களாம், ஆனா ரோல்ஸ்னு சுருக்கிக் கூப்பிடக்கூடாது, எப்பவும் ரோல்ஸ் ராய்ஸ்னு முழுசா சொல்லணும்னு கண்டிஷன்.

டிரைவர் பார்க்கர், பழைய பூட்டு உடைக்கிற திருடன். குரல் டேவிட் கிரஹாம். உங்க வீட்டுல குட்டிப் பசங்க பெப்பா பிக் பாத்திருந்தா அதுல தாத்தா பன்னி குரலும் இவர் தான். பிரெய்ன்ஸ், கார்டன் எல்லாமும் இவரே, ஒரே ஆள் தனக்குத்தானே பேசிக்கிற சீன் நிறைய உண்டு.

எஃப் ஏ பி, எஃப் ஏ பின்னு சொல்லிக்கிட்டே இருக்காங்களே, என்ன அது?

ஒண்ணுமே இல்ல. சரி, புரிஞ்சுதுங்கிறதுக்கு ஸ்டைலா ஒரு சத்தம். எதோட சுருக்கமும் கிடையாது.

எந்த வருஷத்துல நடக்கிற கதை?

பொதுவா 2065னு சொல்லுவாங்க, அதாவது ஒளிபரப்பான வருஷத்துலேர்ந்து 100 வருஷம். ஆனா கடைசி எபிசோட்ல ஒரு காலண்டர்ல 2026னு இருக்கும், இத வச்சு ரசிகர்கள் நடுவுல ஓயாத சண்டை. நான் 2065 கட்சி.

இவ்ளோ ஹிட்டான தொடர ஏன் 32லயே நிறுத்தினாங்க?

அமெரிக்கா தான் காரணம். கலர்ல, அவ்ளோ செலவு பண்ணி எடுத்தா பிரிட்டன் காசு மட்டும் பத்தாது. சொல்லப்போனா அப்போ பிரிட்டன்ல டிவியே கருப்பு வெள்ளை, ஐடிவில கலர் வந்ததே 1969ல தான், எடுத்த கலர் முழுக்க வெளிநாட்டுக்காரங்களுக்கு. அங்க இருக்கிற பெரிய நெட்வொர்க் ஏதாவது ஒண்ணு வாங்கும்னு லூ கிரேட் நம்பினார், பேச்சுவார்த்தை நல்லா போய்க்கிட்டு இருந்து கடைசில ஒருத்தர் பின்வாங்க மத்தவங்களும் பின்வாங்கிட்டாங்க. தனித்தனி ஸ்டேஷனுக்கு வித்தாங்க, ஆனா அது போதல. இத விட்டுட்டு புதுசா ஒண்ணு எடுத்தா விக்க சுலபம்னு கிரேட் முடிவு பண்ணிட்டார்.

இதே கிரேட் தான் முதல் எபிசோட பாத்துட்டு இது டிவி தொடர் இல்ல சினிமான்னு குதிச்சு, 25 நிமிஷமா இருந்தத 50 நிமிஷமா நீட்டச் சொன்னவர். ஏற்கனவே எடுத்து முடிச்ச எபிசோடுக்கெல்லாம் திரும்ப சீன் எழுதி ஒட்டினாங்க. சில எபிசோட் ஜவ்வு மாதிரி இழுக்குதேன்னு உங்களுக்குத் தோணினா இதான் விஷயம். ஆனா அந்த ஒட்டு வேலையால தான் அண்ணன் தம்பிங்க சும்மா உக்காந்து பேசுற, கிண்டல் பண்ற சீனெல்லாம் கிடைச்சுது, அதுக்காக பொறுத்துக்கலாம்.

நடுவுல ரெண்டு சினிமாவும் எடுத்தாங்க, 1966லயும் 1968லயும். ரெண்டுமே ஓடல. டிவில ஓசில பாக்கிறத யார் காசு குடுத்து பாப்பாங்க?

அப்புறம் வந்த புது வெர்ஷன் எல்லாம் எப்படி?

2004 படம் நிஜ நடிகர்கள வச்சு எடுத்தது, ஜொனாதன் ஃப்ரேக்ஸ் டைரக்ஷன். ஜெர்ரிக்கு சுத்தமா பிடிக்கல, சில்வியாவுக்குப் பிடிச்சிருந்துச்சு. நான் ஜெர்ரி பக்கம். அதுல எல்லாரும் நல்லா நடக்கிறாங்க, ஓடுறாங்க, குதிக்கிறாங்க, ஆனா மெஷின் மேல யாருக்கும் அக்கறையே இல்ல.

2015லேர்ந்து 2020 வரைக்கும் ஐடிவில வந்த தண்டர்பேர்ட்ஸ் ஆர் கோ பரவாயில்ல. ஆளுங்க கம்ப்யூட்டர் அனிமேஷன், ஆனா பின்னாடி செட் எல்லாம் நியூசிலாந்தோட வீட்டா ஒர்க்ஷாப் கையால செஞ்ச மாடல். பார்க்கருக்கு அதே டேவிட் கிரஹாம், 90 வயசு நெருங்கிறப்போ. 22 நிமிஷம் தான், இன்னைக்குப் பசங்களுக்கு இது தான் செட் ஆகும்.

இன்னொரு விஷயம், 1960கள்ல ஆடியோ கதையா ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்த மூணு கதைகள எடுத்து, ரசிகர்கள்கிட்ட காசு திரட்டி, பழைய முறைல பொம்மை, கம்பி, மாடல் எல்லாம் வச்சு புதுசா மூணு எபிசோட் எடுத்திருக்காங்க. மூல நடிகர்களோட பழைய குரல் அப்படியே இருக்கும்.

குழந்தைகளுக்கு காட்டலாமா?

தாராளமா, ஆனா பக்கத்துல உக்காந்து பாருங்க. சிகரெட், சுருட்டு ரொம்ப சகஜமா ஊதுவாங்க, பெனலப்பி கூட நீளக் குழாய் வச்சு ஊதுவா. அணுசக்தின்னா அப்படி ஒரு நம்பிக்கை, விமானத்துக்கே அணு உலை.

வில்லன் ஹூட் விஷயத்தையும் சொல்லணும். மலேசியக் காட்டுல கோயில் கட்டிக்கிட்டு, கண்ணு மின்ன மின்ன மந்திரம் போடுற மொட்டைத்தலை ஆசியாக்காரன். அவனோட சகோதரன் (அப்பா அம்மால ஒருத்தர் மட்டும் பொது) கிரானோ, டிரேசி வீட்டுல வேலைக்காரர். வெள்ளைக்காரப் பசங்க காப்பாத்த, ஆசியாக்காரன் ஒண்ணு திருட்டு பண்ண இல்ல காபி கொண்டு வர. 1960கள்ல பிரிட்டன்ல இது யார் கண்ணையும் உறுத்தல, நமக்கு உறுத்தும், உறுத்தணும். கிரானோவோட பொண்ணு டின்டின் மட்டும் படிச்ச இன்ஜினியர், ஆனா அவளுக்கும் கதை முழுக்க கன்ட்ரோல் பேனல் பக்கத்துல நிக்கிற வேலை தான் குடுத்தாங்க. நல்ல வேளையா ஹூட் வர்றது கொஞ்ச எபிசோட் தான், மத்ததுல எதிரின்னா பழுதான மெஷின், மழை, தீ, அவசரப்பட்ட இன்ஜினியர்.

எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?

முதல் எபிசோட், டிராப்ட் இன் த ஸ்கை. ஃபயர்ஃப்ளாஷ் கதை, மேல சொன்னேனே. அது பிடிக்கலன்னா இந்தத் தொடர் உங்களுக்கு செட் ஆகாது, விட்டுடுங்க. பிடிச்சிருந்தா அடுத்து டெரர் இன் நியூயார்க் சிட்டி, எம்பயர் ஸ்டேட் கட்டிடத்த அப்படியே தண்டவாளத்துல நகத்துறாங்க, விபரீதமாகுது, அதே எபிசோட்ல தண்டர்பேர்ட் 2வ ஆள் தெரியாம அமெரிக்கக் கடற்படையே சுட்டுடுது. அப்புறம் சன் புரோப். வரிசையா பாக்கணும்னு அவசியம் இல்ல, தொடர்கதை கிடையாது.

தவிர்க்க வேண்டியது ஏதாவது இருக்கா?

முதல் சீசன் கடைசில வர்ற செக்யூரிட்டி ஹசார்ட். ஒரு சின்னப் பையன் வண்டிக்குள்ள ஒளிஞ்சு தீவுக்கு வந்துடுவான், அவனுக்கு பழைய சாகசத்த எல்லாம் சொல்றோம்னு சொல்லிட்டு பழைய எபிசோட் துண்டுகள ஒட்டிப் போட்டிருப்பாங்க. பட்ஜெட் முடிஞ்சுபோச்சுன்னு பாக்கும்போதே தெரியும். மத்தத எல்லாம் பாத்து முடிச்சிட்டு மிச்சம் எதுவும் இல்லன்னா மட்டும் பாருங்க.